வேலைக்கேற்ற கையுறை



கையுறையைப் பற்றிப் பேச வானொலியில் இத்தனை நேரமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். கடையில் கேட்டு வாங்கும் சிறு பொருள் அது. வாங்கினோம், அணிந்தோம், வேலையைப் பார்த்தோம். அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பதே என் கருத்து. அக்கருத்துத் தவறானது என்பதை எனக்குக் கற்பித்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஆசிரியர்க்கு மாணவர் பாடம் கற்பிப்பது புதுமையன்று. ஆனால் அந்தப் பாடத்துக்கு அம்மாணவன் கொடுத்த விலை பெரிது. ஆதலால் அந்நிகழ்ச்சியையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் சிறு தோட்டம் ஒன்று இருந்தது. ஆண்டு விழா நெருங்கிய வேளையில், பாத்திகளின் ஓரத்தில் பதித்திருந்த செங்கற்களுக்கும் மரங்களின் அடிப்பகுதிக்கும் வெள்ளையடிப்பது என்று முடிவு செய்தோம். பிள்ளைகளின் கை நோகக் கூடாதே என்று நானே கடைக்குச் சென்று பன்னிரண்டு இணைப் பருத்திக் கையுறைகள் வாங்கி வந்தேன். எல்லாம் ஒரே அளவு, தூய வெண்ணிறம், பார்வைக்கு அழகு. அவற்றை வழங்கியபோது என் உள்ளத்தில் சிறிது பெருமையும் தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன்.

தூரிகைகள் போதவில்லை. அம்மாணவன் பழந்துணியைச் சுருட்டிச் சுண்ணாம்பு நீரில் தோய்த்துப் பூசத் தொடங்கினான். கையுறை நனைந்தது. நனைந்த துணி இரண்டு மணி நேரம் அவன் தோலோடு ஒட்டியே இருந்தது. வெறுங்கையாக இருந்திருந்தால் எரிச்சல் தோன்றிய அப்பொழுதே குழாயடிக்கு ஓடியிருப்பான். கையில் உறை இருக்கிறது, அதுவும் தலைமையாசிரியரே கொடுத்தது என்னும் துணிவில் அவன் எரிச்சலைப் பொருட்படுத்தவில்லை. மாலையில் உறையைக் கழற்றியபோது விரல் இடுக்குகளில் தோல் வெந்திருந்தது. அரையாண்டுத் தேர்வில் அவனால் பேனாவைப் பிடிக்க இயலவில்லை. அவன் சொல்லச் சொல்லக் கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் எழுதினான். கணக்குத் தாளில் வடிவியல் படம் ஒன்றை மட்டும் சொல்லி வரையச் செய்ய அவனால் முடியவில்லை. விடைத்தாளில் படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றிடம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அதிலிருந்து நான் கற்றது இது: பொருந்தாத கையுறை வெறுங்கையைக் காட்டிலும் தீங்கானது. வெறுங்கைக்கு அச்சம் உண்டு. அந்த அச்சமே அதற்கு ஒரு காவல். பொருந்தாத கையுறையோ அச்சத்தைப் போக்கிவிடுகிறது, காவலைத் தருவதில்லை. ஆகவே கையுறை வாங்கப் புறப்படுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். செய்யப் போகும் வேலை யாது? அவ்வேலையில் கைக்கு நேரக்கூடிய தீங்கு யாது? அணியப் போகும் கை யாருடையது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் கடைக்குச் செல்வதே முறை.

இவ்வாறு ஆராய்ந்து செய்யப்பட்ட கையுறைக்கு மருத்துவ வரலாற்றில் அழகிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றினார். அவருடைய அறுவைக் கூடத்தில் செவிலியராக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமிகளை ஒழிப்பதற்காக அங்கே பாதரச குளோரைடு கரைசலைப் பயன்படுத்தி வந்தனர். அக்கரைசல் அவ்வம்மையாரின் கைகளைப் புண்ணாக்கியது. அதனைக் கண்ட ஹால்ஸ்டெட், 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், முன்கை வரை நீளும் மெல்லிய இரப்பர்க் கையுறைகள் இரண்டு இணைகளைக் குட்இயர் இரப்பர் நிறுவனத்தாரைக் கொண்டு செய்வித்தார். நோயாளிக்குக் கிருமி பரவாமல் தடுப்பதற்காக இன்று மருத்துவர் அணியும் கையுறை, அம்மருத்துவமனையில் வேலை செய்பவரின் கையைக் காப்பதற்காகவே முதலில் வந்தது. ஒரு வேலை, ஒரு தீங்கு, ஒருவர் கை என்று மூன்றையும் கருதிச் செய்ததால் அது பயன் தந்தது.

இனி நம் தோட்டத்துக்கும் வேலைக்களத்துக்கும் வருவோம். வேலைக் கையுறை என்றவுடன் பலர்க்கும் தோல் கையுறையே நினைவுக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாடு நம் நாடு. தோல் உறுதியானது என்பதில் ஐயமில்லை. இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளர் தீப்பொறியினின்று கையைக் காக்க இன்றும் பெரிதும் தோலையே நாடுகின்றனர். எனினும் வீட்டிலும் தோட்டத்திலும் நாம் செய்யும் வேலைகளுக்குத் தோல் எப்போதும் ஏற்றது என்று சொல்வதற்கில்லை. ஈரத்தில் நனைந்த தோல், காய்ந்தபின் விறைத்துவிடும். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். துணியைப் போல அதனைத் துவைக்க இயலாது. பூச்சிக்கொல்லி போன்ற நச்சு நீர் அதில் ஊறிவிட்டால் கழுவி நீக்குவது அரிது. அடுத்த முறை அணியும்போது அந்நஞ்சு நம் கையையே வந்து சேரும். குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிட்ட தோல், குரோமியம் ஒவ்வாத சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும். இவையன்றி, உயிர்க்கொலையில் கிடைத்த பொருள் வேண்டா என்று கொள்கையால் விலக்குவோரும் உளர். காரணம் எதுவாயினும், தோலல்லாத நல்ல கையுறைகள் இன்று கடைகளில் பல கிடைக்கின்றன. அவற்றின் இயல்பை அறிந்து தேர்வதே நமக்குள்ள வேலை.

முதலில் பருத்தி. பின்னற் பருத்திக் கையுறை நாம் அணியும் பனியனைப் போன்றது. வியர்வையை உறிஞ்சும்; காற்று உட்புகும்; துவைத்து அணியலாம்; விலையும் குறைவு. உலர்ந்த சருகுகளை வாருவதற்கும், மரச்சாமான்களை நகர்த்துவதற்கும், மண்வெட்டிக் காம்பினால் கொப்புளம் எழாமல் தடுப்பதற்கும் அது போதும். ஆனால் ஈரத்தையும் முள்ளையும் கூரிய விளிம்பையும் அது தடுக்காது. உள்ளங்கையில் பிளாஸ்டிக் புள்ளிகள் பதித்த வகையும் உண்டு. அப்புள்ளிகள் பிடிப்புக்காகப் பதிக்கப்பட்டவை. இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருப்பது வெறுந்துணியே என்பதை மறத்தல் கூடாது. கித்தான் துணியில் தைத்த கையுறை இவற்றினும் தடித்தது. முரட்டு வேலைக்குச் சற்று மிகுதியாகத் தாங்கும்.

இரண்டாவது, பூச்சுக் கையுறை. பருத்தி, நைலான், பாலியெஸ்டர் ஆகிய நூல்களுள் ஒன்றினால் கையுறையைப் பின்னி, அதன் உள்ளங்கையையும் விரல்களையும் மட்டும் ஒருவகைப் பாலில் தோய்த்து உலர்த்துவர். புறங்கை பூச்சின்றி இருப்பதால் காற்று உட்புகும். நம் வெப்ப நாட்டுக்கு இது பெரிய வசதி. பின்னலின் நுண்மையை ஓர் எண்ணால் குறிப்பர். ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசிகள் கொண்டு பின்னியது என்பதே அந்த எண். 7 அல்லது 10 என்றால் தடித்த பின்னல். 13, 15 என்றால் மெல்லிய பின்னல். செங்கல் சுமக்கத் தடித்தது ஏற்கும். நாற்றுகளைப் பிரித்து நட மெல்லியது ஏற்கும்.

தோய்க்கும் பாலில் மூன்று வகைகளை நீங்கள் அறிந்துகொண்டால் போதும். ஒன்று, இயற்கை இரப்பர்ப்பால். அமேசான் காட்டு மரமாகிய இரப்பரின் விதைகளை 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் இலண்டனுக்கு அருகில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றன. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்தவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு அவ்வேலையைச் செய்தனர். இன்று உலகத்துக்கு இரப்பர்க் கையுறைகளை மிகுதியாகச் செய்து தரும் நாடு அதே மலேசியா. இயற்கை இரப்பர் நன்றாக நீளும். ஈரமான கல்லையும் செங்கல்லையும் வழுவாமல் பற்றும். ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊதி நைந்துபோகும். அதிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது. அணிந்தவுடன் அரிப்போ தடிப்போ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே விலக்கிவிட வேண்டும்.

மற்றொன்று நைட்ரைல். 1930களில் செருமனியில் உருவான செயற்கை இரப்பர் இது. எண்ணெய்க்கும் மசகுக்கும் பெட்ரோலுக்கும் நன்கு தாங்கும். இயற்கை இரப்பரின் புரதம் இதில் இல்லை. சைக்கிள் சங்கிலியைச் சீர்செய்வோர்க்கும் இறைப்பு இயந்திரத்தைத் துடைப்போர்க்கும் இதுவே ஏற்றது. நைட்ரைல் எல்லாவற்றையும் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நகப்பூச்சை நீக்கப் பயன்படும் அசிட்டோன் அதனை விரைவில் ஊடுருவும். மூன்றாவது வகையாகிய பாலியூரித்தேன் மெல்லிய பூச்சு. விரல் நுனியின் உணர்ச்சி குறைவதில்லை. சிறு திருகாணிகளை எடுப்பதற்கும், உலர்ந்த நுண் வேலைகளுக்கும் அது பயன்படும்.

பூச்சுக் கையுறையின் புறங்கை வெறும் பின்னலே ஆதலால், நீரிலும் நச்சுக் கரைசலிலும் கையை விடுவதற்கு அது உதவாது. அதற்கு உரியது மூன்றாவது வகை. கை முழுவதும் மணிக்கட்டைக் கடந்து மூடும் இரப்பர், நைட்ரைல், பி.வி.சி. கையுறைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நீர் புகாதாதலால் காற்றும் புகாது. வியர்வை உள்ளேயே தங்கும். ஆகவே வேலை முடிந்தவுடன் கழற்றிக் கையை உலர்த்துதல் வேண்டும். அன்று என் மாணவனுக்கு நான் வாங்கியிருக்க வேண்டியது இவ்வகைக் கையுறையே. விலை வேறுபாடு மிகச் சிறிது.

நான்காவது, வெட்டைத் தாங்கும் கையுறை. 1965ஆம் ஆண்டில் தூப்பான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெபனி குவோலெக் என்னும் அம்மையார் கண்டறிந்த இழையிலிருந்து கெவ்லார் பிறந்தது. அத்தகைய வலிய இழைகளால் பின்னிய கையுறை, கண்ணாடி விளிம்பும் தகட்டு விளிம்பும் கையை அறுக்காமல் பெரிதும் காக்கும். ஆயினும் அது பின்னலே ஆதலால் ஊசியும் முள்ளும் கண்ணிகளின் வழியே எளிதாக நுழைந்துவிடும். வெட்டு வேறு, குத்து வேறு. ஒன்றைத் தடுப்பது மற்றொன்றையும் தடுக்கும் என்று நம்புவது, பருத்தி சுண்ணாம்பைத் தடுக்கும் என்று நான் நம்பியது போன்றதே ஆகும்.

இப்போது வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். பாத்தி கொத்துதல், களை பறித்தல், நாற்று நடுதல் ஆகியவற்றுக்கு இரப்பர் அல்லது நைட்ரைல் பூசிய மெல்லிய கையுறை நல்லது; ஈரமண் உள்ளங்கையை அரிக்காது. களைகளுள் பார்த்தீனியம் தனியே சொல்லத்தக்கது. 1950களில் புனே நகர்ப் பகுதியில் காணப்பட்டு நாடெங்கும் பரவிய அச்செடி, தொட்டவர் பலர்க்குத் தோல் அழற்சியைத் தருவது. அதனைப் பறிக்கும்போது மணிக்கட்டையும் மூடும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். கள்ளி, எருக்கு, அரளி ஆகியவற்றை வெட்டும்போதும் அவ்வாறே. அவற்றின் பால் பட்ட கையுறையால் கண்ணைத் துடைத்தல் பெருந்தவறு.

முள் வேலை வேறுவகை. உரோசாவுக்கும் காகிதப்பூவுக்கும் தடித்த கித்தானும் இரட்டைப் பூச்சும் நீண்ட கைப்பகுதியும் கொண்ட கையுறை ஓரளவு உதவும். சீமைக் கருவேல முள்ளுக்கு எந்த உறையையும் முழுதாக நம்புதல் ஆகாது. நம் உழவர் கையுறை அறியாத காலத்திலேயே இதற்கு வழி கண்டிருந்தனர். கவைக்கோலால் கிளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரிவாளால் வெட்டி, அக்கோலாலேயே தள்ளிக் குவிப்பர். கை முள்ளைத் தொடுவதே இல்லை. தீங்குக்கும் கைக்கும் இடையே தொலைவை உண்டாக்கும் கருவி முதற்காவல், கையுறை இரண்டாங்காவல். கற்குவியலையும் விறகுக்குவியலையும் கலைக்கும்போதும் இதனை நினைவிற் கொள்ளுங்கள். பாம்பும் தேளும் தங்கும் இடத்தில் உறையிட்ட கையையும் நுழைத்தல் கூடாது. முதலில் கோலால் கிளறிப் பார்க்க வேண்டும்.

பூச்சிக்கொல்லி தெளிப்பது மாணவர் செய்யத்தக்க வேலையன்று. பயிற்சி பெற்ற பெரியோர் செய்ய வேண்டுவது. உங்கள் வீட்டில் அவ்வேலை நடைபெறுமாயின், அணியும் கையுறையை நீங்கள் பார்த்துச் சொல்லலாம். திரவம் ஊடுருவாததும், முன்கையின் பாதியளவு நீள்வதுமான கையுறை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பூச்சிக்கொல்லி விதிகளே கூறின. இதற்குத் துணிக் கையுறையும் தோல் கையுறையும் ஆகா. துணி உள்வரி இல்லாத நைட்ரைல் கையுறை ஏற்றது. வேலை முடிந்தபின் கழற்றுவதற்கு முன்பே, உறையிட்ட கையைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். இல்லையேல் கழற்றும் விரலில் நஞ்சு ஒட்டும்.

கட்டட வேலையில் செங்கல்லும் கல்லும் சுமப்போர்க்குச் சொரசொரப்பான இரப்பர்ப் பூச்சுக் கையுறை பொருந்தும். காரைக் கலவையைக் கையாள்வோர்க்கோ நீர் புகாத கையுறை வேண்டும். ஈரச் சிமென்ட்டின் பி.எச். அளவு 12க்கு மேற்பட்டது; சுண்ணாம்பு நீரும் அத்தகையதே. இவை தோலை மெல்ல மெல்ல அரிப்பன. வலி தொடக்கத்தில் சிறிதாக இருப்பதால் ஏமாற்றுவன. உறைக்குள் கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றி, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுதல் வேண்டும்.

இனி, பொதுக் கையுறை அணிதலாகாத இடங்கள் சில உள. இவற்றைக் கருத்தூன்றிக் கேளுங்கள். சுழலும் கருவியின் அருகே கையுறை அணியக் கூடாது. துளையிடும் இயந்திரமும் கடைசல் இயந்திரமும் கையுறையின் நுனியைப் பற்றிக்கொண்டால், உறையோடு விரலையும் இழுத்துச் சுற்றிவிடும். தொழிற்கல்வி பயிலும் மாணவர் இதனை முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்தது மின்சாரம். தோட்டத்து இரப்பர்க் கையுறையை அணிந்து மின்கம்பியைத் தொடலாம் என்று எண்ணுவது உயிருக்கே கேடு. மின்வேலைக்கு உரிய கையுறை, குறித்த மின்னழுத்தத்துக்குச் சோதித்துச் சான்று பெற்றது, அதற்கென்றே இந்தியத் தரம் உண்டு. மூன்றாவது நெருப்பு. நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சருகு எரியும் இடத்தில் அவற்றை அணிந்து நிற்கலாகாது.

மூன்றாவது வினா, யாருடைய கை என்பது. நான் பன்னிரண்டு இணைகளையும் ஒரே அளவில் வாங்கியது இரண்டாம் தவறு. பெரிய கையுறைக்குள் சிறிய கை வழுக்கும். பிடித்த அரிவாள் நழுவும். இறுகிய கையுறையில் விரல் மரத்துப்போகும். அளவு காண்பது எளிது. பெருவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில், வேலை செய்யும் கையைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். சுற்றளவு எத்தனை அங்குலமோ ஏறத்தாழ அதுவே கையுறையின் எண். ஏழு அங்குலமாயின் 7, ஒன்பதாயின் 9. இரண்டு எண்களுக்கு இடையே அமைந்தால் இரண்டையும் அணிந்து பார்த்து, விரலை மடக்கி நீட்டி, எது இசைகிறதோ அதனைக் கொள்க.

சில கையுறைகளின் மேல் கேடயத்துக்குள் சுத்தியல் வரைந்த படமும், ஈ.என். 388 என்னும் குறியும், அதன்கீழ் சில எண்களும் அச்சிட்டிருக்கும். இஃது ஐரோப்பியத் தரக்குறி. முதலெண் தேய்மானத்தையும், இரண்டாவது வெட்டையும், மூன்றாவது கிழிதலையும், நான்காவது குத்தையும் தாங்கும் அளவைக் காட்டும். எண் பெரிதாயின் தாங்கும் அளவும் பெரிது. எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அச்சோதனை செய்யப்படவில்லை என்று பொருள். 4131 என்றிருந்தால் தேய்மானத்தில் மிக நன்று, வெட்டிலும் குத்திலும் மிகக் குறைவு என்று நீங்களே படித்துக்கொள்ளலாம். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. குத்துச் சோதனையைத் தடித்த ஆணி போன்ற முனையால் செய்வர். மெல்லிய முள்ளுக்கும் ஊசிக்கும் அவ்வெண் உறுதி கூறாது. எண்ணைப் படிப்பதோடு அஃது எதனை அளந்தது என்பதையும் கேட்பதே கல்வியின் பயன்.

வாங்கிய கையுறையைப் பேணுவதும் ஒரு கடமை. அணியுமுன் உதறிப் பாருங்கள். உள்ளே பூச்சி புகுந்திருக்கலாம். நீர் புகாத கையுறையில் சிறிது தண்ணீரை ஊற்றி, வாயைச் சுருட்டி அழுத்தினால் நுண்துளை இருப்பது தெரிந்துவிடும். துளைபட்டதைத் தயங்காமல் விலக்குங்கள். வேலை முடிந்ததும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். இரப்பரைக் கடும் வெயில் வெடிக்கச் செய்யும். நஞ்சுக்குப் பயன்படுத்தியதை வேறு எந்த வேலைக்கும் எடுத்தல் கூடாது. பிளாஸ்டிக்கும் செயற்கை இரப்பரும் எளிதில் மட்கா. ஆதலால் நீண்ட நாள் உழைப்பதைத் தேர்ந்து வாங்குவது நிலத்துக்கும் நன்மை. கையுறை அணிந்தும் முள்ளோ ஆணியோ குத்திவிட்டால், காயத்தைச் சோப்பு நீரால் கழுவிப் பெரியோரிடம் சொல்லுங்கள். இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலேயே உள்ளன. நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் இடப்படும் ஊசியை நீங்கள் இட்டுக்கொண்டீர்களா என்று இன்றே வீட்டில் கேளுங்கள். அந்தப் பணியைக் கையுறை செய்யாது.

கடைசியாக, பிறருடைய கைகளைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் சித்தாளின் கையும், தெருவைத் துப்புரவு செய்பவரின் கையும் உங்கள் கையைப் போன்ற தோலால் ஆனவையே. அவர்களுக்குக் கையுறை கொடுத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வதற்கு முன், என்ன கையுறை கொடுத்தோம் என்று கேட்க வேண்டும். சில வேலைகளுக்குக் கையுறையே விடையாகாது. மனிதரை அமர்த்திக் கையால் மலம் அகற்றச் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அங்கே தேவை உறையன்று, அவ்வேலையை ஒழிப்பதே ஆகும். உங்களால் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உடைந்த கண்ணாடியைக் குப்பையோடு கலந்து எறியாமல், தடித்த தாளில் பொதிந்து, மேலே எழுதித் தனியே கொடுங்கள். குப்பையை வாருபவர் அணிந்திருப்பது பெரும்பாலும் மெல்லிய உறையே. கண்ணாடி அதற்கு அஞ்சுவதில்லை.

அம்மாணவன் இன்று கட்டட மேற்பார்வையாளனாக இருக்கிறான். சென்ற ஆண்டு என்னைக் காண வந்தபோது அவன் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். தழும்பு ஏதும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே, “ஐயா, கலவை போடும் சித்தாட்களுக்குக் கையுறையை நானே கைச்சுற்றளவு பார்த்து வாங்குகிறேன்” என்றான். நான் அவனுக்குக் கற்பிக்கத் தவறியதை அவன் தானே கற்றுப் பிறருக்கும் செய்கிறான். நீங்கள் புண்படாமலே அதனைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இத்தனையும் சொன்னேன்.